கோட்டுக்கு உள்ளே நின்றவர்

போன சனிக்கிழமை காலை ஏழரை மணி இருக்கும். டென்னிஸ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவியின் அப்பா பக்கத்தில் வந்து செல்போனை நீட்டினார். மகள் சர்வீஸ் போடுவதை வீடியோ எடுத்து, வேகத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும் ஒரு ஆப்பில் ஏற்றியிருக்கிறார். மணிக்கு 96 கிலோமீட்டர் என்று காட்டியது. “இது பத்தாதுல்ல மாஸ்டர்?” என்றார். பிள்ளைக்கு வயது பன்னிரண்டு.

வேகம் தானாக வரும் சார், இப்போதைக்குப் பந்தைத் தூக்கிப் போடுவது ஒரே இடத்தில் விழட்டும் என்றேன். அவருக்கு மனசு ஆறவில்லை. “மெதுவா ஆடிப் பெரிய ஆளா வந்தவங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார்.

“ரமேஷ் கிருஷ்ணன்.”

எண்பதுகளில் இந்தியாவுக்காக ஆடிய சென்னைக்காரர். பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கேயே நின்று தேடிப் பார்த்தார். “23-வது ரேங்க் வரைக்கும்தான் வந்திருக்கார். சர்வீஸ் மட்டும் இருந்திருந்தா எங்கயோ போயிருப்பார், இல்ல மாஸ்டர்?”

இதே பேச்சை நாற்பது வருஷமாகக் கேட்டு வருகிறேன். கிளப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், என்னோடு வேலை பார்த்த கோச்சுகள் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வந்து நின்றதால் பதில் சொல்ல நேரமில்லை. ஆனால் மனசுக்குள் அது அடங்கவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா மார்க்கர். டென்னிஸ் கிளப்புகளில் இந்த வேலை இப்போதும் உண்டு. உறுப்பினர் ஆட வரும்போது எதிர்ப்பக்கம் ஆள் இல்லையென்றால் மார்க்கர் நின்று ஆட வேண்டும். அவர் ஜெயிக்கக் கூடாது, உறுப்பினருக்கு நன்றாக வியர்க்கும்படி பந்தை அவர் கைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். நுங்கம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் அப்பா அந்த வேலை பார்த்தார். விடியற்காலை நாலரைக்குப் போய் மண் தரைக்குத் தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, சுண்ணாம்பில் கோடு போடுவார். பகலில் மட்டைகளுக்குக் கட்டிங் போடுவார், அதாவது நரம்பு கட்டுவார். சாயங்காலம் மறுபடி ஆட்டம். மார்க்கர் வீட்டுப் பிள்ளைகள் கோர்ட்டில் இறங்க அந்தக் கிளப்பில் அனுமதி கிடையாது. கடைசி உறுப்பினரும் கிளம்பிய பிறகு, வெளிச்சம் மங்குவதற்குள் கிடைக்கும் பதினைந்து நிமிஷம்தான் எனக்கும் என் அண்ணனுக்கும். நான் டென்னிஸ் கற்றுக்கொண்டது அந்தப் பதினைந்து நிமிஷங்களில்.

கட்டிங் போடும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இன்றைக்கு இருப்பதுபோல எண் காட்டும் இயந்திரம் அவரிடம் கிடையாது. மர மட்டையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொள்வார். நரம்பைத் துளை வழியாக இழுத்து, கைக்குச் சுற்றிய துணியோடு சேர்த்து முறுக்கிப் பிடித்துக்கொண்டு, மரப்பிடி போட்ட ஊசியை அந்தத் துளையிலேயே குத்தி நரம்பு நழுவாமல் நிறுத்துவார். அப்புறம் அடுத்த துளை. நாலைந்து இழை முடிந்ததும் கட்டை விரலால் மீட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். சுருதி குறைந்திருந்தால் பிரித்துவிட்டு முதலிலிருந்து இழுப்பார். அவர் வலது கை ஆள்காட்டி விரலில் நரம்பு அறுத்த தழும்பு ஒரு பள்ளம் மாதிரி இருக்கும். டென்னிஸில் எது நல்லது, எது கெட்டது என்று அப்பா காதால்தான் சொல்வார். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் வருகிறேன்.

1979-இல் எனக்குப் பதினொரு வயது. அந்த வருஷம் பிரெஞ்சு ஓப்பன் ஜூனியர் பட்டம், விம்பிள்டன் ஜூனியர் பட்டம் இரண்டையும் ரமேஷ் ஜெயித்தார். விம்பிள்டன் இறுதி ஆட்டம் 6-0, 6-2. கிளப்பில் அன்றைக்கு எல்லாருக்கும் காபி வந்தது. அப்பாவுக்கு அது இரட்டைச் சந்தோஷம். ஏனென்றால் 1954-இல் அதே விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை ஜெயித்தவர் ரமேஷின் அப்பா ராமநாதன் கிருஷ்ணன். ஆசியாவிலிருந்து அதை ஜெயித்த முதல் ஆள். 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதிக்கு வந்தவர். 61-இல் காலிறுதியில் ராய் எமர்சனை ஜெயித்துவிட்டு அரையிறுதியில் ராட் லேவரிடம் தோற்றார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய அப்பா டி.கே.ராமநாதன். ஆக மூன்று தலைமுறை. தாத்தாவின் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் மகனுக்கும் பேரனுக்கும் ஆட்டம் ஒரே வார்ப்பு: மெதுவான சர்வீஸ், மென்மையான கை, பந்து எங்கே போகப்போகிறது என்பதை மற்றவர்களுக்கு முன்னால் படித்துவிடும் கண். சர்வீஸைப் பற்றிய குறையும் அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்ததுதான். ராமநாதன் கிருஷ்ணனைப் பற்றியும் அதே பேச்சு இருந்ததாக என் அப்பா சொல்வார்.

ரமேஷ் பிறந்தது 1961 ஜூன் 5, மெட்ராஸில். 1981 அமெரிக்க ஓப்பனின்போது அவருக்கு இருபது வயது முடிந்து மூன்று மாதம். காலிறுதி வரை வந்துவிட்டார். எதிரில் ஜான் மெக்கன்ரோ. அந்த ஜூலையில்தான் விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் பியோன் போர்க் என்ற ஆட்டக்காரரை வீழ்த்தியிருந்தார். முதல் செட்டை, 6-6 என்று சமமானால் ஆடுகிற டைபிரேக்கரில் ரமேஷ் எடுத்தார். இரண்டாவது செட்டும் டைபிரேக்கர் வரை போனது, அதை மெக்கன்ரோ எடுத்தார். 6-7, 7-6, 6-4, 6-2 என்று ஆட்டம் முடிந்தது. அந்தப் பட்டத்தையும் கடைசியில் மெக்கன்ரோதான் ஜெயித்தார்.

அப்போது எங்கள் வீட்டில் டிவி கிடையாது. செய்தித்தாளில் நாலு வரி ஸ்கோர் படித்ததோடு சரி. அந்த ஆட்டத்தின் துண்டுகளை நான் கண்ணால் பார்த்தது ரொம்ப வருஷம் கழித்து, யூடியூப் வந்த பிறகுதான். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தேன். எழுபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டார், கண்ணில் புரை. திரையில் பந்து சரியாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார், தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். “டேய், சத்தம் கேக்குதா?” என்றார்.

சாதாரணமாக ஒருவர் கோர்ட்டின் கடைசிக் கோடான பேஸ்லைனுக்குப் பின்னால் நின்று ஆடினால் பந்து தரையில் படுவது ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி, மட்டையில் படுவது இன்னொரு சத்தம். டொக்... டொக். ரமேஷ் ஆடும்போது அந்த இடைவெளி இல்லை. டொடொக். இரண்டும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பந்து தரையில் பட்டு எழும்பத் தொடங்கும்போதே மட்டையை அங்கே கொண்டுபோய் வைத்துவிடுகிறார். கையைப் பின்னால் இழுத்து ஓங்குவதே இல்லை. வாசலில் கதவைத் தள்ளுகிற மாதிரி ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான். இதற்கு ஹாஃப் வாலி என்று பெயர். மற்றவர்கள் வலைக்கு ஓடும்போது காலடியில் பந்து விழுந்துவிட்டால் வேறு வழியில்லாமல் ஆடுகிற ஷாட் அது. ரமேஷ் அதைப் பேஸ்லைனிலேயே நின்றுகொண்டு தன் வழக்கமான ஷாட்டாக ஆடினார்.

“அந்தப் பையன் பந்தை அடிக்கலடா. எதிர்ல போய் வாங்கிட்டு வர்றான்” என்றார் அப்பா.

என் பேச்சின் மையம் இதுதான். ரமேஷின் பந்துதான் மெதுவு, ஆட்டம் மெதுவு இல்லை. ஒரு டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 78 அடி. பேஸ்லைனுக்குப் பின்னால் ஆறடி தள்ளி நின்று பலமாக அடிக்கிறவருக்கும், கோட்டுக்கு ஓரடி உள்ளே நின்று மெதுவாகத் தள்ளிவிடுகிறவருக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். பின்னால் நிற்பவரிடம் பந்து போய்ச் சேர வேண்டும், எழும்பி இறங்க வேண்டும், அவர் கையை ஓங்க வேண்டும், அப்புறம் அடித்த பந்து அந்தக் கூடுதல் தூரத்தையும் கடந்து வர வேண்டும். அதற்குள் எதிராளி நடுவுக்கு வந்து, மூச்சு வாங்கி, காலைச் சரிசெய்துகொண்டு நின்றுவிடுவார். ரமேஷிடம் அந்த அவகாசம் கிடைக்காது. நீங்கள் அடித்துவிட்டுத் திரும்புவதற்குள் பந்து திரும்பி வந்துகொண்டிருக்கும், அதுவும் நீங்கள் விட்டுவந்த மூலைக்கு. பந்து மணிக்கு எத்தனை கிலோமீட்டரில் வருகிறது என்று ஆப் சொல்லும். எதிராளிக்கு எத்தனை நொடி மிச்சம் இருந்தது என்பதை அது சொல்லாது.

சரி, இப்படி ஆட எல்லாராலும் முடியாதா என்றால், முடியாது. நான் முயற்சி செய்திருக்கிறேன், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறேன். எழும்பும் பந்தை எடுக்க வேண்டுமென்றால், அது எதிராளியின் மட்டையிலிருந்து கிளம்பும்போதே எங்கே விழும் என்று தெரிந்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு ஓடினால் நேரம் போதாது. மண் தரையில் ஒரு சின்னக் கல் இருந்தாலும் பந்து திசை மாறும், திருத்திக்கொள்ள அவகாசம் கிடையாது. மணிக்கட்டு இறுகியிருந்தால் பந்து வெளியே பறக்கும், தளர்ந்திருந்தால் வலையில் விழும். அதை ஒரு சர்வதேச ஆட்டக்காரர் எதிரில் நிற்கும்போது நாலு செட், ஐந்து செட் முழுக்கச் செய்வது என்றால் எப்பேர்ப்பட்ட கை அது!

இன்னொன்று. மெதுவான பந்தைத் திருப்பி அடிப்பது சுலபம் என்று ஆடாதவர்கள் நினைக்கிறார்கள். வேகமாக வரும் பந்துக்கு மட்டையைக் காட்டினாலே போதும், அந்த வேகமே திரும்பிப் போகும். மெதுவாக, தாழ்வாக, பின்பக்கமாகச் சுழன்று ஸ்லைஸ் ஆகி வரும் பந்துக்கு வேகம் முழுவதையும் நாம்தான் கொடுக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே இருக்கும் பந்தை ஓங்கி அடித்தால் வலையில் விழும், தூக்கி அடித்தால் கோட்டைத் தாண்டி வெளியே போகும். எதிராளியின் பலத்தை வைத்தே வாழ்கிற ஆட்டக்காரர்களுக்கு ரமேஷ் அந்தப் பலத்தைக் கொடுக்கவே இல்லை.

இதற்காக அவருக்குக் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டாவது சர்வீஸ் மிக மெது. எதிராளிகள் அதற்காகக் காத்திருந்தார்கள். அவர் ஆடிய காலமும் அவருக்கு எதிராகவே திரும்பியது. அவர் ஆட்டம் உருவானது மர மட்டைக் காலத்தில். மர மட்டையின் முகம் சுமார் 65, 70 சதுர அங்குலம்தான். நடுவில் ஒரு சின்ன வட்டத்துக்கு வெளியே பந்து பட்டால் மட்டை கையில் திரும்பிக்கொள்ளும். அதனால் சர்வீஸை எதிர்கொள்பவரும் கொஞ்சம் அடக்கித்தான் ஆடுவார். எண்பதுகளில் கிராஃபைட் மட்டை வந்தது. முகம் 85, 90, சிலருக்கு 110 சதுர அங்குலம் வரை. நடுவில் படாத பந்தும் உள்ளே விழுந்தது. எல்லாரும் முழுக் கையையும் வீசி, பந்து முன்பக்கமாகச் சுழலும்படி டாப் ஸ்பின்னோடு அடிக்கத் தொடங்கினார்கள். மெதுவான சர்வீஸ் போடுகிறவர்மேல் பாரம் கூடிக்கொண்டே போனது. அப்பாவுக்கும் அந்த மாற்றம் கையில் தெரிந்தது. கிராஃபைட் மட்டைகளுக்கு ஊசி குத்தி இழுக்கிற பழைய முறை ஒத்துவரவில்லை. கிளப்பில் இயந்திரம் வாங்கினார்கள், அதை ஓட்டக் கற்றுக்கொண்டது நான்.

அந்த மாற்றம் நடந்த வருஷங்களிலும் ரமேஷ் ஜெயித்துக்கொண்டிருந்தார் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய விஷயம். ஒற்றையரில் மொத்தம் எட்டு பட்டங்கள். 1981-இல் மணிலா. 1982-இல் ஸ்டுட்கார்ட், இறுதியில் அமெரிக்காவின் சாண்டி மேயரை ஜெயித்தார். அது செம்மண் தரை என்பதைக் கவனியுங்கள். இவர் புல்தரை ஆட்டக்காரர் மட்டும்தான் என்று சொல்பவர்களுக்கு அதுவே பதில். 1984-இல் மெட்ஸ். 1986-இல் டோக்கியோ, ஹாங்காங். 1988-இல் வெலிங்டன். 1989-இல் ஆக்லாந்து. 1990-இல் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஸ்கெனெக்டடி. பத்து வருஷம் பரவிக் கிடக்கும் பட்டியல். பதின்பருவத்தில் மின்னி அணைந்துபோன ஆளுக்கு இப்படி ஒரு பட்டியல் இருக்காது.

1986 விம்பிள்டனில் காலிறுதிக்கு வந்தார். அங்கே யுகோஸ்லாவியாவின் ஸ்லோபோடான் ஜிவோயினோவிச்சிடம் தோற்றார். நெடுநெடுவென்ற ஆள், அந்தக் காலத்தின் மிகப் பலமான சர்வீஸ்களில் ஒன்று அவருடையது. மறுநாள் கிளப்பில் எல்லாரும் ஸ்கோரைப் படித்துவிட்டு, “பார்த்தியா, சர்வீஸ்” என்றார்கள். அப்பா ஒன்றும் சொல்லாமல் வலையை இறக்கி மடித்துக்கொண்டிருந்தார். 1987 அமெரிக்க ஓப்பனில் மறுபடி காலிறுதி. ஸ்வீடனின் ஸ்டெஃபான் எட்பெர்க்கிடம் 6-2, 6-2, 6-2 என்று தோற்றார். அன்றைக்கும் அதே பேச்சு. உலகத்தின் கடைசி எட்டு பேரில் ஒருவராக மூன்று முறை நின்றவரை வைத்துக்கொண்டு அவர் தோற்ற ஆட்டத்தை மட்டுமே பேசினார்கள்.

நாடுகளுக்கு இடையே நடக்கும் டேவிஸ் கோப்பை, அதில் 1987-ஐப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அந்த வருஷத் தொடக்கத்தில் டெல்லியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக விஜய் அமிர்தராஜ், மார்ட்டின் ஹைத்தேயிடம் இரண்டு செட் பின்தங்கி, மேட்ச் பாயிண்ட்டையும் காப்பாற்றி ஜெயித்தார். இல்லையென்றால் இந்தியாவின் கதை அங்கேயே முடிந்திருக்கும். அக்டோபரில் அரையிறுதி, சிட்னியில், ஆஸ்திரேலியர்களின் சொந்தப் புல்தரையில். முதல் நாள் ரமேஷ் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டை ஜெயித்தார். கடைசி நாளில் ஸ்கோர் 2-2. ஐந்தாவது ஆட்டம், ரமேஷும் வாலி மாசூரும். ஜெயிப்பவர் நாடு இறுதிக்குப் போகும்.

அன்றைக்குக் கிளப்பில் கூட்டம். காலையிலிருந்தே அலுவலக அறை ரேடியோவைச் சுற்றி உறுப்பினர்கள். மார்க்கர்களும் பந்து பொறுக்கும் பையன்களும் வராந்தாவில், ஜன்னலுக்கு வெளியே நின்றோம். ஒவ்வொரு செய்தி நேரத்துக்கும் உள்ளே அமைதியாகிவிடும். நாங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காதை நீட்டுவோம். ரமேஷ் நேர் செட்களில் ஜெயித்தார், இந்தியா இறுதிக்கு வந்துவிட்டது என்று வந்தபோது, அதுவரை எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு வயதான உறுப்பினர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா அன்றைக்கு முழுக்க அந்தக் கையைப் பற்றியே வீட்டில் பேசினார்.

அந்த டிசம்பரில் கோத்தன்பர்க்கில் இறுதி. ஸ்வீடன்காரர்கள் உள்ளரங்கில் செம்மண் தரை போட்டிருந்தார்கள். 5-0 என்று தோற்றோம். மாட்ஸ் வில்லாண்டரும் ஆண்டர்ஸ் யாரிட்டும் இருக்கும் அணி, அவர்கள் ஊரில், அவர்கள் தேர்ந்த தரையில். வருத்தப்பட்டேன், ஆனால் வெட்கப்படவில்லை.

இனி 1989 ஜனவரி. பொங்கல் முடிந்த வாரம். ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாவது சுற்று. எதிரில் மாட்ஸ் வில்லாண்டர், உலகின் நம்பர் ஒன். அதற்கு முந்தைய வருஷம் நாலு கிராண்ட்ஸ்லாம்களில் மூன்றை ஜெயித்தவர். ஆஸ்திரேலிய ஓப்பனில் நடப்புச் சாம்பியன். தரை புல் இல்லை, மெல்பர்னின் புதிய அரங்கத்தில் போட்டிருந்த கடினத் தரை. ஒரு வருஷம் முன்னால் கோத்தன்பர்க்கில் ரமேஷை நேர் செட்களில் வீழ்த்திய அதே வில்லாண்டர்.

ரமேஷ் 6-3, 6-2, 7-6 என்று ஜெயித்தார்.

இந்த ஸ்கோரை நான் இப்போதும் மெதுவாகப் படிப்பேன். ஐந்து செட் இழுபறி இல்லை. மூன்றே செட். வில்லாண்டரின் பலம் பொறுமை. நாள் முழுக்கப் பந்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருப்பார், எதிராளி அவசரப்பட்டுத் தப்பு செய்வார். அப்படிப்பட்டவருக்கு எதிராகத் தப்பு செய்யாமல், வேகமும் கொடுக்காமல், ஒவ்வொரு பந்தையும் அரை நொடி முன்னதாக எடுத்து மூலையில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஸ்கோர் சாட்சி. அன்று ரமேஷின் சர்வீஸ் திடீரென்று வேகமாகிவிடவில்லை. அதே கை, அதே மெதுவான சர்வீஸ். அதை வைத்துக்கொண்டுதான் உலகின் முதல் ஆளை நேர் செட்களில் வீட்டுக்கு அனுப்பினார்.

செய்தி வந்த நாள் அப்பா கட்டிங் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் ஸ்கோரைச் சொன்னேன். கையிலிருந்த நரம்பை விடாமல், “மறுபடி சொல்லு” என்றார். சொன்னேன். “இன்னொரு தடவை” என்றார். மூன்றாவது முறை சொன்ன பிறகுதான் நரம்பைத் துளையில் நிறுத்தினார்.

அப்புறம் வேகமாகவே முடிந்தது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் இரட்டையரில் ஒரு பத்தொன்பது வயதுப் பையனைச் சேர்த்துக்கொண்டு காலிறுதி வரை போனார். அந்தப் பையன் லியாண்டர் பயஸ். மறு வருஷம் டேவிஸ் கோப்பையில் பிரான்சுக்குப் போய், அவர்களுடைய செம்மண்ணில் 3-2 என்று ஜெயித்து வந்த அணியிலும் ரமேஷ் இருந்தார். 1993-இல் ஓய்வு. 1998-இல் பத்மஸ்ரீ. 2007-இல் டேவிஸ் கோப்பை அணிக்குக் கேப்டன். சென்னையில் அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து பயிற்சி மையம் நடத்தினார்கள். கோர்ட்டில் அவர் கோபப்பட்டு மட்டையை எறிந்ததாக ஒரு சேதிகூட என் காதுக்கு வந்ததில்லை.

அந்த 23-க்கு வருகிறேன். 1985 ஜனவரியில் அவர் தொட்ட உயர்ந்த இடம் அது. செல்போனில் பார்க்கும்போது சின்ன எண்ணாகத்தான் தெரிகிறது. அவருக்குப் பிறகு இந்திய ஆண்கள் யாரும் ஒற்றையரில் அந்த இடத்துக்குக் கிட்டே வரவில்லை. நல்ல பலத்தோடு ஆடிய சோம்தேவ் தேவ்வர்மனின் உயர்ந்த இடம் 62. “சர்வீஸ் இருந்திருந்தால்” என்று சொல்கிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பலமான சர்வீஸ் இருந்திருந்தால் அந்தக் கை அப்படி வளர்ந்திருக்காது. சர்வீஸில் சுலபமாகப் புள்ளி கிடைக்கிறவனுக்கு ஹாஃப் வாலி எதற்கு? எதிராளியின் தோளைப் பார்த்தே பந்தைப் படிக்கிற கண் எதற்கு? ஒவ்வொரு புள்ளியையும் தானே உழைத்து எடுக்க வேண்டும் என்ற நிலையில் வளர்ந்த ஆட்டம் அது. ஒன்றைக் கழித்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

அப்பா இப்போது இல்லை. அவருடைய ஊசி என்னிடம் இருக்கிறது, மரப்பிடி வழவழவென்று தேய்ந்துபோய். கட்டிங் எல்லாம் இயந்திரத்தில்தான். ஆனாலும் முடித்த பிறகு ஒவ்வொரு மட்டையையும் ஒருமுறை மீட்டிக் காதில் வைத்துப் பார்க்காமல் கொடுக்க மாட்டேன்.

இன்று காலை அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வந்தது. சர்வீஸ் போட ஆரம்பிக்கப் போனவளை நிறுத்தினேன். பேஸ்லைனுக்கு ஓரடி உள்ளே சுண்ணாம்பால் இன்னொரு கோடு போட்டேன். “இந்தக் கோட்டுக்குப் பின்னாடி கால் போகக் கூடாதும்மா. கையை ஓங்காதே. பந்து தரையில் படும்போதே மட்டை அங்க இருக்கணும்” என்றேன். எதிர்ப்பக்கம் நின்று ஒரு கூடைப் பந்தை ஒவ்வொன்றாக அனுப்பினேன். முதல் இருபது பந்து வலையில், வேலியில், அவள் முழங்காலில். அவள் அப்பா பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், செல்போன் பையில் இருந்தது.

முப்பதாவது பந்து பக்கம் இருக்கும். நான் குனிந்து கூடையிலிருந்து அடுத்த பந்தை எடுத்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது.

டொடொக்.

நிமிர்வதற்குள் பந்து என்னைத் தாண்டிப் போய்விட்டது.